மாமாவுக்கு வாய்த்த சிலேட்டு

இந்தப் பக்கத்தைப் பல வருஷமாகத் தவறாமல் படிக்கிறவள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணமாகி மோகனூருக்கு வந்தவளுக்கு செல்போனைப் பற்றி என்ன தெரிந்துவிடப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். போன ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் ஒரு பேனா வைத்த போன் செய்த வேலையைப் பார்த்த பிறகுதான், நாலு பேருக்குச் சொல்லலாமே என்று தோன்றியது.

என் மாமனாருக்கு 74 வயது. வாழைத்தார் மண்டியில் 30 வருஷம் கணக்கு எழுதியவர். தெருமுனையில் அவர் பேசினால் எங்கள் அடுப்படிக்குக் கேட்கும். அப்படிப்பட்ட குரல் இரண்டு மாதமாகக் கரகரவென்றே இருந்தது. "சளிதான், கசாயம் குடிச்சா சரியாப் போயிடும்" என்று நாங்களும் விட்டுவிட்டோம். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது குரல்வளையில் புற்றுநோய் என்றார்கள். 40 வருஷப் பீடி. உயிர் பிழைக்க வேண்டுமானால் குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் இருக்கும் துவாரம் வழியாகத்தான் மூச்சு விடுகிறார். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாருக்காவது மூன்று வாரத்துக்கு மேல் தொண்டை கட்டியே இருந்தால் கசாயத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பேச்சு இல்லாத மனுஷனுக்கு எழுத்து இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தோம். பிள்ளைகளுடைய சிலேட்டும் சாக்பீஸும் கொடுத்தேன். சாக்பீஸ் தூள் கழுத்துத் துவாரத்துக்குள் போய் ஒரே இருமல். அப்புறம் நோட்டும் பேனாவும். பேனா இருக்கிற இடத்தில் நோட்டு இருக்காது. ராத்திரி கரண்டு போனால் எழுதினது தெரியாது. இதையெல்லாம் கூடச் சமாளிக்கலாம். பெரிய கஷ்டம் வேறொன்று இருந்தது. என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

50 வருஷம் கூட வாழ்ந்த பெண்டாட்டியிடம் "தண்ணி வேணும்" என்று சொல்லக்கூட நடுவில் ஒரு ஆள் வேண்டும். நான் துணி துவைக்கப் போயிருந்தால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தால், அவர் எழுதிக் காட்டுவார், அத்தை நோட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். "எனக்கு என்னன்னுங்க தெரியும்?" என்று அழுவார். மாமா நோட்டை வீசி எறிந்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். போகப் போக அவர் எழுதுவதையே நிறுத்திவிட்டார். வருகிறவர்களுக்கோ, பேச்சு இல்லையென்றால் காதும் கேட்காது என்று நினைப்பு. காதருகில் வந்து கத்திவிட்டுப் போவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கோயமுத்தூரில் வேலை பார்க்கும் என் தம்பி புதுப் போன் வாங்கிவிட்டு, தன்னுடைய பழைய போனைக் கொண்டுவந்து கொடுத்தான். சாம்சங் கேலக்ஸி நோட் 9 என்று பெயர். 2018 ஆகஸ்டில் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தபோது ஆரம்ப விலையே 67,900 ரூபாய் என்றான். "அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடே வாங்கியிருக்கலாமே" என்றார் அத்தை. "அக்கா, இதுல பேனா இருக்குது, மாமாகிட்ட குடுத்துப் பாரு" என்றான் தம்பி.

போன் கொஞ்சம் பெரிசுதான். திரை மூலைக்கு மூலை 6.4 அங்குலம். எடை 201 கிராம். ஜாக்கெட் பாக்கெட்டில் போட்டால் ஒரு பக்கம் இழுக்கும். ஆனால் வயசானவர்கள் எழுதுவதற்கு அந்த அகலம் வேண்டியிருக்கிறது. அடிப்பக்கம் ஓரத்தில் பேனா செருகியிருக்கும். தலையை ஒரு அமுக்கு அமுக்கினால் டிக்கென்று வெளியே வரும்.

எங்களுக்குப் பிடித்துப்போனது இதுதான்: போன் தூங்கிக்கொண்டிருந்தாலும், அதாவது திரை கறுப்பாக அணைந்திருந்தாலும், பேனாவை உருவினால் போதும். பூட்டைத் திறக்க வேண்டாம், ரகசிய எண் போட வேண்டாம். கறுப்புத் திரையில் அப்படியே எழுதலாம். அசல் சிலேட்டு மாதிரியே இருக்கும், எழுத்து மட்டும் பளிச்சென்று எரியும். இருட்டிலும் தெரியும். எழுதி முடித்துப் பேனாவை உள்ளே செருகிவிட்டால் அந்தப் பக்கம் தானாகச் சேமிப்பாகிவிடும். இந்த வசதி 2015-ல் வந்த நோட் 5 போனிலிருந்தே உண்டாம். மாமா பேனாவை உருவி முதன்முதலாக எழுதிய வார்த்தை "சிலேட்டு". எழுதிவிட்டுச் சிரித்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

இந்தப் பேனா எப்படி வேலை செய்கிறது என்று என் மகள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரிடம் கேட்டு வந்து சொன்னாள். திரைக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அது சின்னதாக ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. பேனாவுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் அதிலிருந்தே சக்தியை வாங்கிக்கொண்டு, தான் எங்கே இருக்கிறேன் என்று திருப்பிச் சொல்கிறது. ஆகவே எழுதுவதற்குப் பேனாவில் பேட்டரியே வேண்டாம். ஜப்பானில் வேகாம் என்று ஒரு கம்பெனி வளர்த்த முறை இது. எழுதும்போது உள்ளங்கை திரையில் பட்டாலும் கிறுக்கல் விழாது, பேனா முனையை மட்டும்தான் கவனிக்கும். முனை 0.7 மில்லி மீட்டர்தான். எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம் என்பதை 4,096 படியாகப் பிரித்துப் பார்க்குமாம். அழுத்தினால் தடித்த கோடு, லேசாக வைத்தால் மெல்லிய கோடு. என் மகள் மார்கழிக் கோலத்தை இதில்தான் போட்டுப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போகிறாள். அதைப் பார்த்துவிட்டு மாமா எழுதிக் காட்டினார்: "நம்ம ஊரில் 1888-ல் பிறந்த நாமக்கல் கவிஞரும் ஓவியர்தான், தெரியுமா?" நானே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, அத்தைக்கு வழி என்ன? அதற்கும் தம்பிதான் வழி சொன்னான். கூகுள் மொழிபெயர்ப்பு என்று ஒன்று எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் போட்டுக்கொள்ளலாம். அதில் தமிழைத் தேர்ந்தெடுத்து, பேனா படத்தைத் தொட்டு, கையால் எழுதினால் அதை அச்செழுத்தாக மாற்றிக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் வாய்விட்டுப் படிக்கும். நாங்கள் வேறு மொழிக்கு எதையும் மாற்றுவதில்லை. தமிழில் எழுதினதைத் தமிழிலேயே பேச வைக்கிறோம். 2015 ஏப்ரலில் கூகுள்காரர்கள் 82 மொழிகளின் கையெழுத்தைப் படிக்கும் வசதியைப் போன்களுக்குக் கொடுத்தபோதே தமிழும் அதில் இருந்ததாம். பத்து வருஷமாக இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

முதல் நாள் ஒரே வேடிக்கை. மாமா எழுதினதை அது தப்புத் தப்பாகப் படித்தது. என்னவென்று பார்த்தால் அவர் எழுதுவது பழைய தமிழ். 'லை', 'னை' எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பு சுற்றி எழுதுவார். 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, நமக்கெல்லாம் இப்போதுள்ள எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு முன்னால் படித்தவர் கை பழைய வழியிலேயே போகிறது. அவர் 'வாழை' என்று எழுதினால் சரியாகப் படித்தது, 'இலை' என்று எழுதினால் முழித்தது. "கணக்குப்பிள்ளைக்கே பாடம் எடுக்குதா இது" என்று எழுதிக் காட்டினார். ஆனால் விடவில்லை. எட்டாவது படிக்கும் என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து புது 'லை' எழுதச் சொல்லிக்கொடுத்தான். பேரன் வாத்தியார், தாத்தா மாணவர். நாலு நாளில் சரியாகிவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் நான் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "காபி கொண்டு வா. சர்க்கரை குறைவாகப் போடு" என்றது. அத்தை பதறிப்போய் வெளியே ஓடி வந்தார். "அம்மிணி, யாரடி அவ உள்ளார? எம் புருசனுக்குக் காபி கேக்கறா!" எங்கள் போனில் தமிழ் படிப்பது பெண் குரல். அன்றைக்கு வீடே சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. அத்தை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். காபிக்குச் சர்க்கரை கம்மியாகத்தான் போட்டார்.

பேனா வைத்த போன் ஒன்றும் புதுசில்லை. 1994-லேயே அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியின் சைமன் என்ற போன் குச்சியால் தொட்டு வேலை செய்யும்படி வந்தது. 2007-ல் ஆப்பிள் ஐபோன் வந்தபோது அந்தக் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ், விரல் இருக்கும்போது குச்சி யாருக்கு வேண்டும் என்ற மாதிரி கேலி பேசினார். உலகமே விரலுக்கு மாறியது. 2011 செப்டம்பரில் பெர்லின் கண்காட்சியில் சாம்சங் 5.3 அங்குலத்தில் முதல் நோட் போனைப் பேனாவோடு காட்டியபோது, இவ்வளவு பெரிய போனை யார் காதில் வைத்துப் பேசுவார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. ஒரு வருஷத்துக்குள் ஒரு கோடி போன் போனது. கேலி செய்த ஆப்பிளும் 2015-ல் தன் பெரிய ஐபேடுக்குப் பென்சில் கொண்டுவந்தது.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் என்ற கம்பெனிக்காரர்களும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்று கையடக்கக் கருவி ஒன்றை உருவாக்கினார்கள். 2004-ல் அது விற்பனைக்கு வந்தது. அதிலும் குச்சியால் எழுதலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் பயன்பட வேண்டும், இந்திய மொழிகளில் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். வியாபாரம் ஆகாமல் நின்றுபோனது. என் அத்தை மாதிரி ஒருத்தரை மனதில் வைத்து அன்றைக்கே யோசித்திருக்கிறார்களே என்று நினைத்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். கொழுந்தனார் திருப்பூரில் இருக்கிறார். நாத்தனாரை ஆற்றுக்கு அக்கரையில் வாங்கலில் கொடுத்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கூடினார்கள். வாய்க்கால் ஓரத்தில் மாமா பேரில் இருக்கும் முக்கால் ஏக்கர் வாழைத் தோட்டத்தை விற்றுவிடலாம் என்று பேச்சு. யாரும் கெட்டவர்கள் இல்லை. கடனை அடைக்கத்தான் பேசினார்கள். ஆனால் மாமா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கையைத் தூக்கினார். "இருங்கப்பா, பேசி முடிச்சிடறோம்" என்றார் கொழுந்தனார். அவர் எழுத ஆரம்பித்தார், எழுதி முடிப்பதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விட்டது. சென்ட் என்ன விலை, யார் வாங்குவார்கள், எப்போது பத்திரம் என்று போய்க்கொண்டிருந்தது. வாய் இல்லாதவர் பேச்சுக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

திடீரென்று அந்தப் பெண் குரல் சத்தமாகச் சொன்னது: "தோட்டம் என் பேரில் இருக்கிறது. நான் இன்னும் சாகவில்லை."

எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். மாமா மறுபடியும் எழுதினார். இந்த முறை யாரும் பேசவில்லை. பேனா திரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. "விற்க வேண்டாம். மூன்று வருஷம் குத்தகைக்கு விடு. குத்தகைப் பணத்தில் பாதி கடன் அடையும். மீதிக்கு நான் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்." சொன்ன மாதிரியே பேனாவால் சேமித்து வைத்திருந்த பக்கத்தை எடுத்துக் காட்டினார். எந்தக் கடனுக்கு எவ்வளவு வட்டி, எதை முதலில் அடைப்பது, யார் யார் மாதம் எவ்வளவு போட வேண்டும் என்று மண்டிக் கணக்கு மாதிரியே பத்தி பிரித்து எழுதியிருந்தார். ராத்திரி ராத்திரியாக இருட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நான் தூக்கம் வராமல் கிறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார். "நீங்க சொல்றபடியே செய்யலாமுங்கப்பா" என்றார். அத்தை மட்டும், "அந்தப் புள்ள இன்னொருக்கா சொல்லட்டும்" என்றார். மாமா இன்னொரு தடவை தொட்டார். "நான் இன்னும் சாகவில்லை" என்றது போன். தோட்டம் இப்போது குத்தகையில் இருக்கிறது. கடன் குறைந்துகொண்டு வருகிறது.

இதைப் படித்துவிட்டு உடனே போன் வாங்க ஓடிவிடாதீர்கள். அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நோட் என்ற பெயரில் கடைசியாக வந்தது 2020-ன் நோட் 20. அதற்குப் பிறகு 2022 முதல் அந்தப் பேனா சாம்சங்கின் 'எஸ் அல்ட்ரா' போன்களுக்குள் போய்விட்டது. 2025 ஜனவரியில் வந்த எஸ்25 அல்ட்ராவின் ஆரம்ப விலை 1,29,999 ரூபாய். நம் மாதிரிக் குடும்பத்துக்கு அது ஆகாது. 2025 ஏப்ரலில் மோட்டோரோலா எட்ஜ் 60 ஸ்டைலஸ் என்று பேனாவோடு ஒரு போன் 22,999 ரூபாய்க்கு வந்தது. பழைய போன் வாங்கினால் பேனா கூடவே இருக்கிறதா, செருகும் இடம் சரியாக இருக்கிறதா, எல்லா மூலையிலும் எழுதுகிறதா என்று ஒரு கோடு சுற்றிப் போட்டுப் பாருங்கள். பழைய மாடல்களுக்கு 'தண்ணீர் தாங்கும்' என்று எழுதியிருந்தாலும் நம்பி நனைக்காதீர்கள். கம்பெனி பாதுகாப்பு மேம்பாடு அனுப்புவதை நிறுத்திவிட்ட போனில் பேங்க் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் இந்தப் போனை மாமாவின் எழுத்துக்கு மட்டுமே வைத்திருக்கிறோம்.

பேனாவைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் உடனே வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு தடவை எங்கள் வீட்டில் அது மாட்டுக் கொட்டகையில் கிடைத்தது! பேனாவை வெளியே விட்டுவிட்டுப் போனை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தால் எச்சரிக்கை கொடுக்கும்படி ஒரு வசதி அமைப்புகளில் இருக்கிறது. அதை அன்றைக்கே போட்டுவிட்டோம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. பேனா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்களிடம் இருக்கும் சாதாரணத் தொடுதிரைப் போனிலேயே நான் சொன்ன மொழிபெயர்ப்பு வசதியைப் போட்டு விரலால் தமிழ் எழுதிப் பேச வைக்கலாம். பேனா இருந்தால் எழுத்து பொடியாக, வேகமாக வரும், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் போனில் நெட் இருந்தால்தான் பேசுகிறது, அதை மட்டும் கவனியுங்கள். பேச்சு போனவர்கள், வாய் திறந்து பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் இன்றைக்கே போய்ச் சொல்லிக்கொடுங்கள். அதோடு, அவர்கள் எழுதி முடிக்கும் வரை கொஞ்சம் பொறுத்திருங்கள். அந்தப் பொறுமையை எந்தப் போனும் தராது, நாம்தான் தர வேண்டும்.

கடைசியாக ஒன்று. போன வாரம் போனில் சேமித்த பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் மணி மணியான எழுத்துக்கு நடுவில் ஒரு பக்கம் முழுக்கக் கோணல் மாணலாக 'அ' 'அ' 'அ' என்று எழுதியிருந்தது. மகனைக் கேட்டேன். "நானில்லம்மா, அப்பாயி" என்றான். மத்தியானம் நான் தூங்கும் நேரத்தில் மாமா எழுதிக் காட்ட, அத்தை அதன் மேலேயே பேனா ஓட்டிப் பழகுகிறாராம். பேங்க்கில் கைநாட்டு வைக்கக் கூச்சமாக இருக்கிறதாம். எனக்குத் தெரியாது என்றுதான் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

— ஒரு வாசகி, மோகனூர்.